போலந்து வேர்களைத் தேடும் வாசகர்களுக்கு

வம்சாவளித் தேடல் குறித்து வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இப்பகுதியில் பதில் அளித்து வருகிறோம். இம்முறை போலந்து பற்றிய கடிதங்களை மட்டும் தொகுத்திருக்கிறோம். எழுதியவர்களுள் சிலர் போலந்து வம்சாவளியினரை மணந்தவர்கள். சிலர் அப்படி மணந்தவர்களின் பெற்றோர். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரும் அச்சிடப்படவில்லை.

கேள்வி: எங்கள் மருமகள் சிகாகோவில் பிறந்தவள். அவளுடைய கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போருக்கு முன்பு போலந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். அவர்களுடைய குடும்பப் பெயர் மிக அரியது. அமெரிக்கா முழுவதிலும் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் இருக்கிறதாம். அந்தப் பெயர் உள்ள எல்லோரையும் ஒரே குடும்பத்தார் என்று கொள்ளலாமா?

பதில்: உறவு இருக்கலாம் என்று கொள்ளலாம், உறுதியாக அல்ல. ஆனால் அதற்கு முன், அது உண்மையிலேயே அரிய பெயர்தானா, எழுத்துச் சிதைவால் அரிதாகத் தோன்றுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். போலந்து மொழியில் வாலும் கோடும் புள்ளியும் சேர்ந்த தனி எழுத்துகள் ஒன்பது உண்டு. கடல் கடந்ததும் அவை உதிர்ந்துவிட்டன. 1990இல் போலந்தின் அதிபரான லெக் வாலேசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் செய்தித்தாள்கள் 'வாலேசா' என்று எழுதிய அந்தப் பெயரைப் போலந்துக்காரர்கள் 'வாவென்சா' என்றுதான் சொல்வார்கள். அதிலுள்ள 'எல்' எழுத்தின் குறுக்கே ஒரு கோடும் 'ஈ' எழுத்தின் கீழே ஒரு வாலும் இருக்கின்றன; கோடு போட்ட 'எல்' ஆங்கில 'டபிள்யூ'வைப் போலவும், வால் வைத்த 'ஈ' மூக்கொலியோடு 'என்' போலவும் ஒலிக்கும். இப்படிப்பட்ட பெயரைக் காதால் கேட்டு எழுதிய எழுத்தர் ஒரு வடிவத்தையும், காகிதத்தைப் பார்த்து எழுதியவர் வேறொரு வடிவத்தையும் பதிந்திருப்பார்கள். அண்ணன் குடும்பம் ஒரு விதமாகவும் தம்பி குடும்பம் வேறு விதமாகவும் எழுதத் தொடங்கி, மூன்றாம் தலைமுறையில் ஒருவரையொருவர் அந்நியர் என்று நினைத்துக்கொண்டிருப்பதும் உண்டு.

நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள்தாம் பெயரை வெட்டிச் சுருக்கினார்கள் என்று உங்கள் சம்பந்தி வீட்டில் சொல்லக்கூடும். அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் அப்படி ஒரு கதை வழங்குகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. பயணிகள் பட்டியலை எழுதியது ஹாம்பர்க், பிரேமன் போன்ற புறப்பாட்டுத் துறைமுகங்களில். தீவில் இருந்தவர்கள் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆளைச் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பிற்பாடு, தொழிற்சாலையின் சம்பள ஏட்டிலும் பள்ளிக்கூடத்திலும், பல சமயம் குடும்பத்தாரின் சொந்த விருப்பத்தினாலும்.

சிதைவைச் சரிசெய்து மூல வடிவத்தைக் கண்ட பின்னும் பெயர் அரிதாகவே நின்றால் அது நல்ல துப்பு. போலந்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் 'நோவாக்'. 'புதிதாக வந்தவன்' என்று பொருள். இரண்டு லட்சம் பேர் அளவில் அந்தப் பெயரோடு இருக்கிறார்கள். 'கோவால்ஸ்கி' என்பது கொல்லனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. புதியவன் வராத ஊரும் கொல்லன் இல்லாத ஊரும் கிடையாது என்பதால், இப்பெயர்கள் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியே முளைத்தவை. அவற்றை வைத்து உறவு கொண்டாட முடியாது. சிற்றூரின் பெயரிலிருந்து பிறந்த பெயர் அப்படியல்ல. மேரி கியூரியின் பிறந்தகப் பெயர் ஸ்க்வொடோவ்ஸ்கா. மசோவியா பகுதியில் 'ஸ்க்வொடி' என்ற பெயரைத் தாங்கிய சிற்றூர்கள் இருக்கின்றன; அந்தக் குடும்பத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டுப் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்கும் நமக்கு இந்த வழி புதிதல்ல. அங்கே ஊர் பெயருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மொழியியலாளர் காஜிமியெஷ் ரிமூட் 1990ஆம் ஆண்டுக் குடிமக்கள் பதிவை அடிப்படையாகக் கொண்டு, 1992 முதல் 1994 வரை பத்துத் தொகுதிகளாக ஒரு குடும்பப் பெயர் அகராதியை வெளியிட்டார். எந்தப் பெயர் எத்தனை பேருக்கு, அப்போதிருந்த 49 மாகாணங்களில் எங்கெங்கே இருந்தது என்பதை அது காட்டுகிறது. அரிய பெயரானால் எண்ணிக்கை ஓரிரு மாகாணங்களில் குவிந்திருக்கும். தேடலை அங்கே தொடங்கலாம். ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எல்லைகள் மேற்கே நகர்ந்தபோது, இன்று உக்ரைன், பெலாரஸ், லித்துவேனியா ஆகிய நாடுகளில் இருக்கும் பகுதிகளிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட போலந்துக்காரர்கள் பெயர்க்கப்பட்டு, ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்ட மேற்குப் பகுதிகளில் குடியமர்த்தப்பட்டார்கள். ஆகவே 1990இன் கணக்கில் ஒரு பெயர் வ்ரோட்ஸ்வாஃப் நகரைச் சுற்றிக் குவிந்திருந்தால், அதன் பூர்வீகம் இன்றைய உக்ரைனின் ல்விவ் நகரத்துப் பக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு வ்ரோட்ஸ்வாஃபுக்குப் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: பெயர் 'ஸ்கி' என்று முடிந்தால் பிரபு வம்சம் என்று என் கணவர் சொல்கிறார். அவர் வீட்டில் ஒரு குலச்சின்னமும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. உண்மையா?

பதில்: 'ஸ்கி' என்பது பெயர்ச்சொல்லை அடைமொழியாக்கும் விகுதி, 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்ற பொருளில் முதலில் நிலவுடைமைக் குடும்பங்களிடம் பரவியது உண்மைதான். பின்னாளில் குடியானவர்களும் கைவினைஞர்களும் அதே விகுதியைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டார்கள். குலச்சின்னத்தின் கதை இன்னும் சுவையானது. மேற்கு ஐரோப்பாவில் சின்னம் ஒரு குடும்பத்துக்கு உரியது. போலந்திலோ தமக்குள் இரத்த உறவே இல்லாத நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே சின்னத்தைப் பகிர்ந்துகொண்டன. ஜோசப் கான்ராட் என்று ஆங்கில இலக்கியத்தில் அறியப்பட்ட கோஜெனியோவ்ஸ்கியின் குடும்பம் 'நாவென்ச்' என்ற சின்னத்தைச் சேர்ந்தது. அதே சின்னம் கொண்ட மற்றக் குடும்பங்கள் எல்லாம் அவருக்குப் பங்காளிகள் அல்ல. உங்கள் வீட்டில் தொங்குவது பெயரைச் சொன்னால் அச்சடித்துத் தரும் கடையில் வாங்கிய படமா என்று மெதுவாக விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: மாமியாரின் பாட்டியுடைய பெயர், அவருடைய தந்தையின் பெயரோடும் ஒத்துப்போகவில்லை, கணவர் பெயரோடும் ஒத்துப்போகவில்லை. எழுத்துப் பிழையா?

பதில்: பிழையில்லை, இலக்கணம். ஆண் 'ஸ்கி' என்றால் பெண் 'ஸ்கா'. மெய்யெழுத்தில் முடியும் பெயர்களில் இன்னும் ஒரு நுட்பம் இருந்தது: நோவாக்கின் மனைவி 'நோவாகோவா', மணமாகாத மகள் 'நோவாகூவ்னா'. அதாவது விகுதியைப் பார்த்தே அந்தப் பதிவின்போது அவர் மணமானவரா என்று அறிய முடியும். போலந்தின் மேற்குப் பகுதியை அப்போது ஆண்ட ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் குடிமைப் பதிவேடுகளில் ஜெர்மன் எழுத்தர்கள் பெண்களுக்கும் ஆண்பால் வடிவத்தையே எழுதினார்கள் என்பதையும் நினைவில் வைத்துத் தேடுங்கள்.

கேள்வி: என் மனைவியின் முன்னோர் போலந்துக்காரர் என்று குடும்பமே சொல்கிறது. ஆனால் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் அவர் பிறந்த நாடு 'ஆஸ்திரியா' என்று எழுதியிருக்கிறது. எதை நம்புவது? பிறந்த ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டையும் நம்பலாம். 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டன. 1918 வரை அப்படி ஒரு சுதந்திர நாடே வரைபடத்தில் இல்லை. ஆகவே 'ஆஸ்திரியா' என்ற அந்த ஒரு சொல் உங்களுக்குத் தடையல்ல, உதவி. ஆஸ்திரியாவின் பங்காகப் போன கலீசியா என்ற பகுதியைச் சேர்ந்தவர் அவர் என்று அது சொல்கிறது. எந்த ஆட்சியின் கீழ் இருந்தார் என்பதைப் பொறுத்தே அவருடைய பதிவு எந்த மொழியில், எந்த வடிவில் இருக்கும் என்பது அமையும்.

ஊர்ப் பெயரை முதலில் போலந்தில் தேடாதீர்கள். அமெரிக்கத் தாள்களில் தேடுங்கள். 1906ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிந்தைய குடியுரிமை விண்ணப்பங்கள், 1917, 1918ஆம் ஆண்டுகளின் படைப்பதிவு அட்டைகள், போலந்துக் கத்தோலிக்கர்கள் தமக்கென்று கட்டிக்கொண்ட பங்குக் கோயில்களின் திருமண ஏடுகள் ஆகியவற்றில் ஊர் குறிப்பிடப்பட்டிருப்பது உண்டு. 1907க்குப் பிந்தைய கப்பல் பட்டியல்களில், சொந்த நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரையும் கேட்டு எழுதினார்கள்; தந்தையின் பெயரும் ஊரும் ஒரே வரியில் கிடைக்கும் அதிர்ஷ்டம் அங்கே இருக்கிறது. ஆனால் அந்த ஊர் 'நோவா வியெஷ்' என்று இருந்தால் கொஞ்சம் பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள். அதன் பொருள் 'புதூர்'; நம் நாட்டில் எத்தனை புதூர்கள் இருக்கின்றனவோ, அங்கும் அப்படித்தான். எந்தப் பங்குக் கோயிலைச் சேர்ந்தது, எந்த மாவட்டம் என்பது தெரிந்தால்தான் பயன். 1880 முதல் 1902 வரை வெளிவந்த போலந்துப் புவியியல் பேரகராதி ஒவ்வொரு சிற்றூரும் எந்தப் பங்குக் கோயிலுக்கு உட்பட்டது என்று சொல்வதால், பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க அதையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

உங்கள் மனைவியின் முன்னோர் கலீசியாவைச் சேர்ந்தவர் என்பதால் பதிவு பெரும்பாலும் லத்தீனில், கட்டம் போட்ட பட்டியலாக இருக்கும். 1784இல் இரண்டாம் ஜோசப் பேரரசர் வகுத்த வடிவம் அது. முதல் கட்டங்களில் தேதி. அடுத்து வீட்டு எண். பின்னர் குழந்தையின் பெயர், மதம், பால், முறையான பிறப்பா இல்லையா. அதன்பின் பெற்றோர், ஞானப்பெற்றோர். பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் வீட்டு எண்தான் இதில் மிகப் பயனுள்ளது. ஒரே ஊரில் ஒரே பெயருடைய இரண்டு ஆண்கள் இருந்தால், 47ஆம் எண் வீட்டில் பிறந்த குழந்தைகள் எல்லாம் ஒருவருடையவை, 112ஆம் எண் வீட்டுக் குழந்தைகள் மற்றவருடையவை என்று பிரித்துவிடலாம். பெயர்கள் லத்தீனாக்கப்பட்டிருப்பதையும் மறக்க வேண்டாம்: வீட்டில் 'வொய்ச்செக்' என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் 'அதால்பெர்துஸ்' ஆகியிருப்பார்.

ரஷ்ய ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த வாசகர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். அங்கே நெப்போலியன் சட்டத்தின் தாக்கத்தால் 1808 முதல் பதிவுகள் பத்தி வடிவில் எழுதப்பட்டன. 'ஜாவோ ஷ்யெ', அதாவது 'நிகழ்ந்தது' என்று தொடங்கி, இன்ன ஊரில், இன்ன நாளில், இன்ன மணிக்கு இத்தனை வயதுடைய இன்ன உழவர் இரண்டு சாட்சிகளோடு நேரில் வந்து ஒரு குழந்தையைக் காட்டி, அது தம் மனைவிக்கு இன்ன நாளில் பிறந்தது என்று அறிவித்தார் என்று நீண்டு செல்லும். மனைவியின் பிறந்தகப் பெயரும் வயதும் அதில் வரும். கடைசியில், இந்தப் பதிவு வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டது, அவர்களுக்கு எழுதத் தெரியாததால் நாமே கையொப்பமிட்டோம் என்று பங்குத்தந்தை முடித்திருப்பார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஓர் உழவர் தம் பெயரைப் பிறர் வாசிக்கக் கேட்டுக்கொண்டு நின்ற காட்சி அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. எனக்கு இதைப் படிக்க அலுத்ததே இல்லை.

1868 முதல் இதே பதிவுகள் ரஷ்ய மொழிக்கு மாறின. ஒவ்வொரு நிகழ்வுக்கும் இரண்டு தேதிகள் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யா பின்பற்றிய பழைய ஜூலியன் நாட்காட்டிக்கும் இன்று நாம் பயன்படுத்தும் புதியதற்கும் 12 நாள் இடைவெளி. டிசம்பர் 28 என்ற பழைய தேதி புதிய கணக்கில் அடுத்த ஆண்டு ஜனவரி 9 ஆகிவிடுவதால், பிறந்த ஆண்டே ஒன்று தள்ளிப்போகும். ரஷ்ய எழுத்தில் 'ஹ' ஒலிக்குத் தனி எழுத்து இல்லாமல் 'க' எழுத்தையே இட்டார்கள் என்பதால், 'ஹ' என்று தொடங்கும் பெயர் திரும்பப் பெயர்த்தெழுதப்படும்போது 'க' என்று மாறியிருக்கலாம். பிரஷ்யப் பகுதியிலோ 1874 அக்டோபர் 1 முதல் ஜெர்மன் மொழியில் அரசின் குடிமைப் பதிவேடுகள் தொடங்கிவிட்டன. அவை தெளிவானவை, அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பிறப்புப் பதிவுகள் 100 ஆண்டுகளும் திருமண, இறப்புப் பதிவுகள் 80 ஆண்டுகளும் உள்ளூர்க் குடிமைப் பதிவு அலுவலகத்தில் இருக்கும். அதன்பின் அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போகும். காப்பகங்களின் பொது இணையதளத்தில் ஏடுகளின் படங்களை இலவசமாகவே பார்க்கலாம். போலந்து வம்சாவளியியல் கழகத்தின் தன்னார்வலர்கள் தொகுத்துவரும் 'கெனெடேகா' என்ற பெயர்ச் சுட்டியில் முதலில் தேடிவிட்டு, பிறகு படத்துக்குப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும். வியல்கோபோல்ஸ்கா பகுதியின் 19ஆம் நூற்றாண்டுத் திருமணங்களுக்குப் போஸ்னான் திட்டத்தின் சுட்டி தனியாக இருக்கிறது.

கேள்வி: மரபணுச் சோதனைகளில் மூன்று வகை இருப்பதாகச் சொல்கிறார்கள். அரிய குடும்பப் பெயரின் வேரைக் கண்டுபிடிக்க எதை வாங்குவது? என் மருமகளே எச்சில் மாதிரி கொடுத்தால் போதுமா?

பதில்: குடும்பப் பெயரோடு சேர்ந்து பயணம் செய்வது ஒய் குரோமோசோம்தான். தந்தையிடமிருந்து மகனுக்கு, அவரிடமிருந்து அவர் மகனுக்கு என்று ஏறக்குறைய மாறாமல் செல்கிறது. பெயரும் அதே பாதையில்தான் செல்கிறது. நம் வழக்கில் சொன்னால் இது பங்காளிகளைக் கண்டறியும் சோதனை. பெண்களிடம் ஒய் குரோமோசோம் இல்லாததால் உங்கள் மருமகள் கொடுத்துப் பயனில்லை. அவளுடைய தந்தையோ, உடன்பிறந்தவனோ, சித்தப்பா பெரியப்பா மகனோ கொடுக்க வேண்டும்.

சோதனையை வாங்கிவிட்டு யாராவது பொருந்துவார்களா என்று காத்திருப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. போலந்து ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 'ஆர்1ஏ' என்ற ஒரே பெரும் பிரிவைச் சேர்ந்தவர்கள். உங்கள் மருமகளின் தந்தையும் அதே பிரிவு என்று முடிவு வந்தால், அவர் போலந்துக்காரரைப் போல இருக்கிறார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒப்பிடுவதற்கென்று குரோமோசோமில் தேர்ந்த இடங்களைக் குறியீடுகள் என்பார்கள்; 37 குறியீடுகளை மட்டும் பார்க்கும் மலிவான சோதனையில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த கிளையினரும் பக்கத்து வீட்டுக்காரர்போலத் தோன்றுவது உண்டு. 111 குறியீடுகளையோ, குரோமோசோமின் பெரும்பகுதியையும் படித்துப் புதிய மாற்றங்களைக் காட்டும் விரிவான சோதனையையோ எடுத்தால்தான் கிளைகள் பிரிந்து தெரியும்.

அரிய பெயரின் பலம் இங்கேதான் வெளிப்படுகிறது. அந்தப் பெயரோடு போலந்தின் ஓர் ஊரில் இன்றும் ஒரு குடும்பம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தக் குடும்பத்து ஆண் ஒருவரை உங்கள் செலவில் சோதனைக்கு இணங்கவைத்தால், கேள்வி ஒரே வரியில் அடங்கிவிடும்: இந்த இருவரும் ஒரே ஆணின் வழிவந்தவர்களா, இல்லையா? பதில் தெளிவாகக் கிடைக்கும். 'நோவாக்' என்ற பெயரை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முயன்றால் ஆயுள் போதாது.

இரண்டாவது வகை, எல்லா முன்னோரிடமிருந்தும் வரும் 22 இணைக் குரோமோசோம்களைப் பார்க்கும் பொதுச் சோதனை. இதை உங்கள் மருமகளே கொடுக்கலாம்; ஆனால் தலைமுறைதோறும் பங்கு பாதியாகக் குறையும். அத்தை, சித்தப்பா பிள்ளைகளோடு சராசரியாக 12.5 சதவீதமும், அவர்களுடைய பிள்ளைகள் தமக்குள் 3 சதவீதத்துக்குச் சற்று மேலும், பேரப்பிள்ளைகள் தமக்குள் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவும் பகிர்ந்துகொள்வார்கள். உங்கள் மருமகளின் கொள்ளுத்தாத்தா அமெரிக்கா போனார், அவருடைய தம்பி ஊரிலேயே தங்கினார் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தம்பியின் கொள்ளுப்பேரனோடு அவளுக்குப் பொருந்தும் மரபணுத் துண்டு இருக்க ஏறக்குறைய 90 சதவீத வாய்ப்பு உண்டு. இன்னும் ஒரு தலைமுறை தள்ளினால் வாய்ப்பு பாதியளவுக்கு வீழ்ந்துவிடும். ஆகவே குடும்பத்தில் உயிரோடிருக்கும் மூத்தவரிடமிருந்து முதலில் மாதிரி எடுங்கள். பாட்டி இருந்தால் பாட்டி.

பொருந்தி வருபவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருப்பவர்களாகவே இருப்பார்கள். போலந்தில் சோதனை செய்துகொண்டவர்கள் ஒப்பீட்டில் குறைவு. அதைக் கண்டு சலிக்க வேண்டாம். அந்த அமெரிக்க உறவினரின் அலமாரியில் உங்கள் ஊர்ப் பெயர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கலாம்.

கேள்வி: சோதனை முடிவில் 'கிழக்கு ஐரோப்பா 71 சதவீதம்' என்று வந்திருக்கிறது. மீதி எங்கே போயிற்று?

பதில்: எங்கும் போகவில்லை. அந்தச் சதவீதம், நிறுவனம் தன்னிடமுள்ள ஒப்பீட்டுக் குழுக்களோடு பொருத்திப் பார்த்துச் செய்யும் மதிப்பீடு. வேறு நிறுவனத்தில் வேறு எண் வரும், அதே நிறுவனமே அடுத்த ஆண்டு மாற்றிச் சொல்லும். போலந்துக்காரரையும் உக்ரைனியரையும் பெலாரஸ்காரரையும் மரபணுவால் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. எண்ணை மறந்துவிட்டு, பொருந்துபவர்களின் பட்டியலைப் பாருங்கள்.

கேள்வி: அரிய பெயர், ஒரே ஊர், ஏட்டிலும் இருவரும் ஒரே முன்னோரின் வழி. இருந்தும் என் மைத்துனருக்கும் போலந்தில் இருப்பவருக்கும் ஒய் சோதனை அடியோடு பொருந்தவில்லை. சோதனை தவறா?

பதில்: சோதனை தவறியிருக்க வாய்ப்பு குறைவு. பெயர் ஒரு பாதையிலும் இரத்தம் வேறொரு பாதையிலும் போன இடம் ஒன்று நடுவில் இருக்கிறது. மணமாகாத தாய்க்குப் பிறந்த மகன் தாயின் பெயரைத் தாங்கியிருக்கலாம். ஏட்டில் தந்தையின் பெயர் இல்லாமல் விடப்பட்டிருப்பதைக் கொண்டு இதை அறியலாம். விதவையை மணந்தவரின் பெயரை முதல் கணவரின் பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருக்கலாம். 18ஆம் நூற்றாண்டிலும் அதற்கு முன்பும் குடியானவர்களின் பெயர்கள் இன்னும் உறையவில்லை. மனைவியின் பண்ணைக்குக் குடிபோனவரை ஊரார் அந்தப் பண்ணையின் பெயராலேயே அழைத்து, பங்குத்தந்தையும் அப்படியே எழுதியிருக்கலாம். பதிவுகளில் இரண்டு பெயர்களுக்கு நடுவே 'வெல்' அல்லது 'ஆலியாஸ்' என்ற சொல் வந்தால் அங்கே நின்று நிதானமாகப் படியுங்கள். 'இன்னார் என்கிற இன்னார்' என்று பொருள்.

எந்தத் தலைமுறையில் பாதை பிரிந்தது என்று கண்டறிய, இரு கிளைகளிலும் இன்னும் ஒருவரைச் சோதிப்பதே வழி. அதைச் செய்வதற்கு முன், தெரியவரும் விடை உயிரோடிருக்கும் யாரையாவது புண்படுத்துமா என்று மைத்துனரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய பிரிவு என்றால் சுவாரசியம். தாத்தா காலத்துப் பிரிவு என்றால் விஷயமே வேறு.

கேள்வி: என் கணவரின் பாட்டி யூதர் என்பது மரபணுச் சோதனையில்தான் தெரியவந்தது. அவருக்கு ஆயிரக்கணக்கில் உறவினர்கள் பொருந்துகிறார்கள். எப்படிச் சாத்தியம்?

பதில்: கிழக்கு ஐரோப்பிய யூதச் சமூகம் பல நூற்றாண்டுகள் தனக்குள்ளேயே மணம் செய்துகொண்டதால், இருவர் பல வழிகளில் தூரத்து உறவினராக இருப்பார்கள். சிறு சிறு துண்டுகள் பல சேர்ந்து, நெருங்கிய உறவுபோலத் தோற்றம் தரும். பட்டியல் மூன்றாம் தலைமுறை உறவு என்று சொன்னால், உண்மையில் அது இன்னும் பல தலைமுறை தள்ளி இருக்கலாம். மொத்த அளவைப் பார்க்காமல், நீளமான ஒற்றைத் துண்டுகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

இவர்களிடையே குடும்பப் பெயரே அண்மைக் காலத்தது. கலீசியாவில் 1787லும், பிரஷ்யா கைப்பற்றிய பகுதிகளில் 1797லும், ரஷ்யாவின் கீழிருந்த போலந்து இராச்சியத்தில் 1821லும் அரசாணைகள் நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கின. அதற்கு முன் தந்தை பெயரைச் சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம், நம் முன்னெழுத்தைப் போல. ஆகவே ஒய் சோதனையில் பொருந்தும் இரண்டு யூதர்களுக்கு வெவ்வேறு குடும்பப் பெயர் இருப்பது இயல்பு. 1808 முதல் 1825 வரை அந்த இராச்சியத்தில் யூதர்களின் பிறப்பும் இறப்பும் கத்தோலிக்கப் பங்கின் ஏட்டிலேயே பதியப்பட்டன. 1826 முதல்தான் தனி ஏடு. யூதப் பதிவுகளுக்கான 'ஜே.ஆர்.ஐ. போலந்து' சுட்டி 1995 முதல் இயங்கிவருகிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: எல்லோரும் ஆண்வழியையே பேசுகிறீர்கள். தாய்வழிச் சோதனையால் பயனே இல்லையா?

பதில்: கண்டிப்பு நியாயமானது. மூன்று வகைச் சோதனைகளில் விட்டுப்போன மூன்றாவது அதுதான். தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் செல்லும் மைட்டோகாண்ட்ரியா மரபணு மிக மெதுவாக மாறுவதால், உறவு எத்தனை தலைமுறைக்கு முந்தையது என்று சொல்வதில் அது வலுவற்றது. பெண்வழியில் குடும்பப் பெயரும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடுகிறது. ஆனால் 'இவரா, இல்லையா' என்ற கேள்விக்கு அது பெரும் உதவி. போலந்திலேயே இதற்குப் புகழ்பெற்ற சான்று இருக்கிறது. 2005இல் ஃபிரோம்போர்க் பேராலயத்தின் தரைக்கடியில் ஒரு மண்டையோடு கிடைத்தது. 1543இல் இறந்த வானியலாளர் கோபர்நிகஸுடையதாக இருக்கலாம் என்று ஐயுற்றார்கள். ஒப்பிட அவருக்குச் சந்ததி இல்லை. அவர் பயன்படுத்திய வானியல் அட்டவணை நூல் ஒன்று, 17ஆம் நூற்றாண்டுப் போரில் ஸ்வீடன் படைகள் கொள்ளையாகக் கொண்டுபோய், உப்சாலாவில் பாதுகாக்கப்பட்டு வந்தது. அதன் பக்கங்களுக்கிடையே சில தலைமுடிகள் இருந்தன. மண்டையோட்டின் பல்லில் எடுத்த மைட்டோகாண்ட்ரியா வரிசையும், அவற்றுள் இரண்டு முடிகளின் வரிசையும் ஒன்றாக இருந்தன. 2010 மே 22 அன்று அவரை முறைப்படி மீண்டும் அடக்கம் செய்தார்கள். அவருடைய குடும்பப் பெயரும் சிலேசியாவின் 'கோபெர்னிகி' என்ற சிற்றூரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது என்பது நம் முதல் கேள்விக்குப் பொருத்தமான செய்தி.

கேள்வி: மரபணு அறிக்கையைக் காட்டிப் போலந்துக் குடியுரிமை கேட்க முடியுமா?

பதில்: அறிக்கை மட்டும் போதாது. 1920ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் முன்னோர் போலந்துக் குடிமகனாக இருந்தார் என்பதையும், அது தலைமுறை தலைமுறையாக அறுபடாமல் வந்தது என்பதையும் ஆவணங்களால் காட்டினால் மாகாண ஆளுநர் உறுதிசெய்வார். 1951க்கு முன் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதும், வெளிநாட்டவரை மணந்த பெண்களின் நிலையும் பல தொடர்களை அறுத்துவிடும். அந்தத் தேதிகளை முதலில் பாருங்கள்.

கேள்வி: ஊரைக் கண்டுபிடித்துவிட்டோம். நவம்பரில் குடும்பத்தோடு போகிறோம். 1860களில் இறந்த முன்னோரின் கல்லறையைப் பார்க்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. போலந்தில் சாதாரணக் கல்லறை இடத்துக்கு 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டணத்தைப் புதுப்பிக்க வேண்டும்; புதுப்பிக்க ஆளில்லை என்றால் அதே இடத்தில் வேறொருவரை அடக்கம் செய்துவிடலாம். குடியானவர்களின் மரச்சிலுவைகளும் அவ்வளவு காலம் நிற்பவை அல்ல. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்ல மாதம். நவம்பர் 1, எல்லாப் புனிதர்கள் திருநாள். வெளியூர் போனவர்களும் அன்று திரும்பிவந்து தம் குடும்பத்துக் கல்லறைகளில் மெழுகு விளக்கு ஏற்றுவார்கள். உங்கள் அரிய பெயர் பொறித்த கல் ஒன்றைக் கண்டால், இருட்டும்வரை அதன் அருகிலேயே இருங்கள். குடும்பப் பெயரையும், முன்னோரின் பெயரையும், அவர் புறப்பட்ட ஆண்டையும் போலந்து மொழியில் எழுதிய ஒரு துண்டுத் தாளைக் கையில் வைத்திருங்கள். விளக்கோடு வருபவரிடம் நீட்டுவதற்கு.